ஒற்றை ஓம்

யாழ்ப்பாணத் தமிழில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு வாரம் கறிவேப்பிலை வாங்கினாலே இது தெரிந்துவிடும். ஆனால் நான் பாரிசுக்குப் படிக்க வந்து, பல்கலைக்கழக விடுதியில் பாஸ்தா தின்றே காலம் தள்ளியவள். வேலை கேட்டு முதன்முதலாக லாச்சப்பலில் ஒரு சேலைக் கடையின் மாடிப்படியில் ஏறியபோது, கதவு திறந்திருந்த அறைக்குள் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, இடைவெளி விட்டு விட்டு, ஓம்… ஓம்… ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தியானம் போலிருக்கிறது, கலைக்க வேண்டாம் என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். கோயமுத்தூர்க்காரிக்கு அந்தப் பழக்கம் உண்டு. எங்கள் ஊரில் யாராவது எங்காவது தியானம் செய்துகொண்டேதான் இருப்பார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அவர் காதில் செருகியிருந்த கருவியைக் கவனித்தேன். யாரோ கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக ஆமாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“நீர் ஏன் வெளியிலை நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும்,” என்றார்.

என்னை அதுவரை யாரும் நீர் என்று அழைத்ததில்லை. அரசவை நாடகத்துக்குள் தவறி நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம், எங்களோடு வேலை பார்த்த பிரெஞ்சுக்காரப் பையன் உட்பட. என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருந்திருப்பார். வன்னியிலிருந்து போர் முடிந்தபின் வந்தவர். தலை முன்பக்கம் மட்டும் நரைத்திருக்கும். சேலைக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது; அதனால் கறுப்புக் கோட்டைக் கழற்றவே மாட்டார். கீழேயிருந்து சாம்பிராணி வாசனையும், பக்கத்துக் கடையிலிருந்து றோல்ஸ் பொரிக்கும் வாசனையும் சேர்ந்து படியேறி வரும். பத்து மணிக்கே பசிக்கும்.

ஓம் பற்றி அக்காவிடம் ஒரு கோட்பாடு இருந்தது. ஒருவர் ஒருமுறை ஓம் என்றால் அது ஓம். இரண்டு முறை சேர்த்து, ஓம், ஓம் என்றால் அந்த ஆள் வரமாட்டார். மூன்று முறை என்றால் நாம் கேட்டதே அவர் காதில் விழவில்லை. ‘பாப்பம்’ என்றால் இல்லை என்பதைக் காயப்படுத்தாமல் சொல்வது. கீழே சேலைக் கடை முதலாளி இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். நாங்கள் சந்தோசத்திலும் ரெண்டு தரம் சொல்லுவம், உந்தக் கதையை நம்பாதையும் பிள்ளை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நானும் நம்பவில்லை. பிறகு சோதித்துப் பார்த்தேன். மின்சாரம் பார்க்க வருகிறேன் என்றவர், வாடகை ரசீது தருகிறேன் என்றவர், பொதி கொண்டுவருகிறேன் என்றவர், எல்லோரும் அக்காவின் கோட்பாட்டின்படியே நடந்துகொண்டார்கள்.

அதனால் எதைத் தொடங்குவதானாலும் அக்கா ஆள் ஆளாக முகத்தைப் பார்த்துக் கேட்பார்: “ஓமோ, இல்லையோ?” மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொத்துரொட்டி சொல்வதென்றாலும் இதே விசாரணைதான். தலையாட்டினால் செல்லாது. வாயால் சொல்ல வேண்டும், ஒருமுறை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குமேல் கையெழுத்து, நினைவூட்டல், எதுவும் கிடையாது. அவரைப் பொறுத்தவரை அந்த ஆள் வந்தாயிற்று, இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கோடையில் அலுவலகத்திலிருந்து கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. பிரெஞ்சுக்காரப் பையன் முந்தின நாள் அழகாக ஒரே ஒரு ஓம் சொல்லியிருந்தான். காலையில் ஆளைக் காணோம். தொலைபேசியும் எடுக்கவில்லை. ரயில் வந்தது, நின்றது, அக்கா ஏறவில்லை, எங்களையும் ஏறவிடவில்லை. ரயில் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு நான் நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவன் ஒரு மணிநேரம் கழித்து, தலைகூடச் சீவாமல் ஓடி வந்தான். அக்கா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. பையிலிருந்து ஆறிப்போன றோல்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடலைப் பார்த்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது.

இனி அலுவலகம் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். லாச்சப்பலில் இருந்து ஊருக்குக் காசு அனுப்பப் பல வழிகள் உண்டு. ஆனால் எல்லாம் பெரிய தொகைக்குத்தான் கட்டுபடியாகும். கொஞ்சமாக, அடிக்கடி அனுப்புகிறவர்களுக்குக் கட்டணமே கழுத்தை நெரிக்கும். அக்கா ஒரு கிரிப்டோ நாணயத்தின் வலையமைப்பைப் பிடித்துக்கொண்டார். இங்கே ஒருவர் யூரோ கொடுப்பார். அது நாணயமாகி வலையமைப்பில் போய், முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு கடையில் ரூபாயாகக் கையில் கிடைக்கும். அனுப்பும் செலவு ஒரு தேநீர்க் காசுகூட இல்லை. இதற்கு அரசாங்க அனுமதி வாங்க அவர் ஏறாத படியில்லை.

எங்களிடம் திங்கட்கிழமைதோறும் ஒருவர் வருவார். முல்லைத்தீவுக்காரர், ஐம்பது தாண்டியவர், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. திங்கட்கிழமை அந்த உணவகத்துக்கு விடுமுறை. தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கும். காசை எடுத்து வைக்கும்போது அதை மறைக்கப் பார்ப்பார். ஊரில் அவருடைய தமக்கைக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், முற்றி, வாராவாரம் ஊசி மருந்து வாங்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பினால் ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன். மொத்தமாகப் போனால் அது தமக்கையின் மகன் கையில் கரைந்துவிடும், மருந்தாக மாறாது என்றார். எங்கள் சேவை முழுவதும் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இருந்தது. அக்கா அவரை அண்ணை என்பார், அவர் அக்காவைப் பிள்ளை என்பார். இரண்டு பேருக்கும் ஊரில் அறிமுகம் கிடையாது.

அப்புறம் அந்த நாணயத்துக்கு மவுசு வந்தது. உலகமே அதை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. வலையமைப்பில் நெரிசல். காசு போய்ச் சேர ஒருநாள், இரண்டு நாள் என்று இழுத்தது. கட்டணமோ ஏறிக்கொண்டே போனது.

இதை அக்கா வாடிக்கையாளர்களுக்கு விளக்குவது கேட்க நன்றாக இருக்கும். சன்னல் வழியாக கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்கள் தெரியும். அதைக் காட்டித்தான் சொல்வார். “ரயில் நேரத்துக்குத்தான் வருது. பெட்டிதான் காணாது.” முதல் தடவை கேட்டபோது, பெட்டி எங்கே தொலைந்தது என்று நான் பதறிப்போனேன். எங்கள் பக்கம் காணாது என்றால் கண்ணில் படாது. அவர்களுக்குக் காணாது என்றால் போதாது. சரியாகத்தான் சொன்னார். அந்த வலையமைப்பில் கணக்குகள் ஒரு பெட்டியில் அடைத்துத்தான் போகும். பெட்டி குறித்த இடைவெளியில்தான் கிளம்பும், அதன் அளவு விதியால் கட்டப்பட்டது. கூட்டம் கூடினால் அதிகக் கட்டணம் கொடுப்பவன் ஏறிக்கொள்வான். கோப்பை கழுவுகிறவரின் காசு நடைமேடையிலேயே நிற்கும்.

பெட்டியைப் பெரிதாக்குவதுதான் வழி. சொல்ல எளிது. அந்த வலையமைப்புக்கு முதலாளி கிடையாது. அதை ஓட்டும் அத்தனை பேரும் ஒரே நாளில் தங்கள் கணினி நிரலை மாற்ற வேண்டும். பாதிப் பேர் மாற்றி பாதிப் பேர் மாற்றாவிட்டால் வலையமைப்பு இரண்டாக உடைந்துவிடும். ஆக, எல்லோரும் ஓம் சொன்னால்தான் நடக்கும். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இந்த வேலை அக்காவின் கண்ணில்தானா படவேண்டும் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. கிடங்கு கிடங்காக இயந்திரம் போட்டுப் பெட்டிகளை உருவாக்கும் மைனர்கள் ஒரு பக்கம், நாணயத்தை வாங்கி விற்கும் சந்தை நடத்துகிறவர்கள் ஒரு பக்கம், கைபேசிப் பணப்பை செய்கிறவர்கள் ஒரு பக்கம். எங்கள் ஊரில் மைனர் என்றால் மல்லுவேட்டியும் தங்கச் சங்கிலியுமாகத் திரிகிற ஆள். இதை அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவைதான் முக்கியமான ஆக்கள், அவையின்ரை ஓம் இல்லாமல் ஒண்டும் நடவாது என்றார். இந்தக் கூட்டத்துக்குள் நாங்கள்தான் ஆகச் சின்ன நிறுவனம். அழைப்பே இல்லாமல் நுழைந்தார். மற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச மறுத்தபோது இவர் எல்லோரோடும் பேசினார். யார் எதில் முரண்டு பிடிக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு மென்மையாக்கிச் சொல்லி, எல்லோரையும் பாரிசில் ஒரு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நகரத்தின் மேற்கு ஓரத்தில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் கூட்டம். அக்கா அதே கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். ஒப்பந்த வாசகம் வாசிக்கப்பட்டது: இன்ன பெட்டிக்கு அடுத்த பெட்டியிலிருந்து அளவு இரட்டிப்பு, எல்லோரும் அன்றைக்கே மாறுவது. தலைமை தாங்கியவர், நல்லது, விருந்துக்குப் போகலாம் என்று எழுந்தார். அக்கா கை தூக்கினார். தலைமைக்காரர் மறுபடி உட்கார்ந்தார். அக்கா மேசையைச் சுற்றி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: யெஸ்ஸா, நோவா? எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகியது. கோட்டு சூட்டு போட்ட மனிதர்கள் பள்ளிப் பிள்ளைகள் போல ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யெஸ். யெஸ். பெரிய சந்தைக்காரர் கைபேசியைப் பார்த்தபடி, “யெஸ், யெஸ்,” என்றார். அவருக்குப் பக்கத்தில் மைனர்களில் பெரியவர். அவரும், “யெஸ், யெஸ்.” நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்தவரிடம் போய்விட்டிருந்தார்.

திரும்பும்போது எத்துவால் நிலையத்தில் மாறி, லாச்சப்பல் மெத்ரோவில் உட்கார்ந்தோம். அக்கா அன்றைக்கு இருந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. சன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்காது.

“அக்கா, அந்தப் பெரிய ஆளுங்க ரெண்டு பேரும் ரெண்டு ஓம் சொன்னாங்களே, கவனிச்சீங்களா?”

சிரிப்பு போய்விட்டது. “அது இங்கிலிஷ்,” என்றார். “இங்கிலிசிலை ரெண்டு தரம் எண்டால் ரெண்டு மடங்கு ஓம். எங்கடை ஆக்களின்ரை பழக்கத்தை நீர் அவையின்ரை தலையிலை கட்டாதையும்.”

அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் மத்தியானம் அவரே றோல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனார். பாலில்லாத பிளேன்டீயை ஆறவிட்டார். பிறகு, நான் கேட்காமலே, ஊரைவிட்டு நடந்த நாளைப் பற்றிச் சொன்னார். கடைசிச் சண்டைக் காலம். இரண்டு குடும்பமும் சேர்ந்து வெளியேறுவதாகப் பேச்சு. பெரியப்பா வீட்டுக்காரர்கள், ஓம், ஓம், நீங்கள் சந்தியில் நில்லுங்கோ, பின்னாலே வாறம் என்றார்களாம். இவர்கள் விடியற்காலையிலிருந்து சந்தியில் நின்றிருக்கிறார்கள். மத்தியானம் ஷெல் வந்து விழுந்தது.

“என்ரை அண்ணை அதிலைதான்,” என்றார். கையால் மேசையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார், சந்தி அங்கேதான் இருக்கிற மாதிரி. “அவை வராததிலை எனக்குக் கோவம் இல்லை. பயமா இருந்திருக்கும். வரேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்.”

கேட்கக்கூடாததைக் கேட்டேன். “அப்புறமும் ஏன்க்கா எல்லாருக்காகவும் நின்னு காத்திருக்கீங்க?”

“ஓம் எண்ட ஆள் வந்து பாக்கேக்கை, சந்தியிலை ஒருத்தரும் இல்லாட்டில்?” என்றார்.

நெரிசல் தொடங்கிய நாளிலிருந்து, திங்கட்கிழமைக்காரர் போன்றவர்களின் கட்டணத்தை அலுவலகமே கட்டிவந்தது. அதனால் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. மாற்றத்துக்குக் குறித்த நாள்வரை தாக்குப்பிடித்தால் போதும். அதைத் தாண்டினால் எங்களிடம் ஒன்றுமில்லை. இது அக்காவுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு திங்களும் முல்லைத்தீவுக்காரர் வந்து, வரிசை குறைஞ்சிட்டுதோ பிள்ளை என்பார். அக்கா, வாற மாசம் குறையும் அண்ணை, எல்லாரும் ஓம் எண்டிட்டினம் என்பார். அவரும் மறு கேள்வி கேட்கமாட்டார். நீர் சொன்னால் சரி என்று படியிறங்கிப் போவார்.

எதிர்ப்பு நாங்கள் நினைக்காத பக்கத்திலிருந்து வந்தது. வலையமைப்பின் நிரலைத் தங்கள் வீட்டுக் கணினியில் சும்மா ஓட்டிக்கொண்டிருக்கும் சாதாரண மனிதர்கள். பெட்டி பெரிதானால் எங்கள் கணினி தாங்காது, கடைசியில் பெரிய நிறுவனங்கள் மட்டும்தான் மிஞ்சும், எங்களை யார் கேட்டது என்றார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. அக்கா அதை இரண்டுமுறை வாசித்தார். மேசையிலை இருந்தவையைத்தான் கேட்டனான் என்று மட்டும் சொன்னார்.

எதிர்ப்பு வலுத்ததும் பெரியவர்கள் நழுவத் தொடங்கினார்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தின் நோக்கத்தை இன்னமும் மதிக்கிறோம் என்று அறிக்கை விட்டது. இன்னொன்று, சூழலைக் கவனித்துவருகிறோம் என்றது. எங்களுக்குப் பக்கத்து நகரத்துப் பணப்பைக்காரரை அக்கா தொலைபேசியில் பிடித்தபோது அவர், ஓன் வெர்ரா, என்றார். பிரெஞ்சில் பாப்பம். அக்கா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். குறித்த நாளுக்குச் சில தினம் முன்பு, ஏற்பாட்டாளர்களிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. போதிய ஒருமித்த கருத்து உருவாகவில்லை, ஆகவே மாற்றம் நிறுத்திவைக்கப்படுகிறது, ஒத்துழைப்புக்கு நன்றி. ஒத்துழைப்புக்கு நன்றியாம். எனக்கு அந்த மின்னஞ்சலைக் கையால் கிழிக்க முடியவில்லையே என்றிருந்தது.

குறித்த நாள் ஒரு திங்கட்கிழமை. பகல் முழுக்க மழை. நான் போனபோது அக்கா புதிய நிரலை ஒரு கணினியில் ஓட்டிவிட்டு அதன்முன் உட்கார்ந்திருந்தார். நிறுத்திட்டாங்களேக்கா என்றேன். நான் ஓம் எண்டனான் தானே என்றார்.

புதிய நிரலின் விதி இதுதான்: குறித்த பெட்டிக்கு அடுத்து வருவது பழைய அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சின்னதாக வந்தால் ஏற்காது. பெரிதாக ஒன்று வரும்வரை அப்படியே நிற்கும். பிற்பகலில் அந்த இடம் வந்தது. உலகம் முழுக்கப் பழைய நிரல் வழக்கம்போல அடுத்த சின்னப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கள் கணினி அதை மறுத்துவிட்டு நின்றது. அடுத்த பெட்டிக்காகக் காத்திருக்கிறது என்ற ஒற்றை வரி திரையில். அக்கா எங்கள் எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கி வைத்திருந்தார். யாரும் தொடவில்லை. பிரெஞ்சுக்காரப் பையன் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அணைச்சிரலாமாக்கா என்று கேட்டேன்.

“ஆரும் ஒராள் வந்தால்?” என்றார்.

முல்லைத்தீவுக்காரர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். வழக்கம்போல நோட்டுகளை மேசையில் எடுத்துவைத்துவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். அக்கா எழுந்து நின்று சொன்னார், நடக்கேல்லை அண்ணை, இனி என்னாலை இந்தக் காசுக்கு அனுப்பேலாது. அவர் எடுத்துவைத்த நோட்டுகளை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தார். சுருங்கிய விரல்களை இந்தமுறை மறைக்கவில்லை.

“வாற கிழமை வந்து பாருங்கோ அண்ணை. வேறை வழி ஏதும் பாத்து வைக்கிறன்,” என்றார் அக்கா.

“ஓம், ஓம்,” என்றார் அவர்.

அவர் வரவில்லை. யாரையும் நான் குறை சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக, வேறு இடத்தில் கொடுத்து அனுப்புவதாகக் கேள்விப்பட்டோம். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பிரெஞ்சுக்காரப் பையன் வேறு வேலை கிடைத்து, அழுதுகொண்டே போனான். நானும் வேலை தேடத் தொடங்கினேன். அக்காவே நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். மேசை நாற்காலியெல்லாம் போன பிறகும் அந்த ஒரு கணினி மட்டும் அறையில் தரையில் இருந்தது. அதே வரியோடு.

லாச்சப்பலில் யாராவது இறந்துவிட்டால் கடைக் கதவுகளில் படத்தோடு அறிவித்தல் ஒட்டுவார்கள். வெண்டைக்காய் வாங்கப் போகிறவர் நின்று வாசித்துவிட்டு உள்ளே போவார். அடுத்த வசந்தத்தில் ஒருநாள் அப்படி ஒரு கதவின்முன் அக்கா நிற்பதைப் பார்த்தேன். முல்லைத்தீவைச் சேர்ந்த ஒரு அம்மாள். துயர் பகிர்வோர் பட்டியலில் பிரான்சில் வசிக்கும் தம்பி. அந்தத் தம்பியின் பெயரைத் தொட்டபடி அக்கா நின்றார். கடைக்குள் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே பாரிசின் புறநகரான பொண்டிக்குத் துக்கம் கேட்கப் போனோம். முல்லைத்தீவுக்காரர் ஓர் அறைக்குள் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருந்தார். நாற்காலியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மருந்து இடையில் இல்லாமல் போனதா என்று அக்கா கேட்கவில்லை, கேட்க வந்தது முகத்தில் தெரிந்தது. அவரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எழுந்தபோது அவர் அக்காவின் தலையில் கைவைத்து, “நீர் என்ன செய்யிறது பிள்ளை, நீர் கேட்டுத்தானே பாத்தனீர்,” என்றார். ஏசியிருந்தால் அக்கா தப்பித்திருப்பார் என்று நினைக்கிறேன். ரயிலில் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தார். நூல் அறுந்து பொத்தான் கையோடு வந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அவர் கணினியைத் தொடவில்லை. நான் பார்க்க ஒரு பெரிய நிறுவனம் வேலைக்குக் கூப்பிட்டது, போகவில்லை. ஒபர்வில்லியேயில் துணி மொத்தக் கிடங்கு ஒன்றில் பொதி கட்டுகிறார் என்று சேலைக் கடை முதலாளிதான் சொன்னார். கடைக்கு வந்தால் நன்றாகப் பேசுகிறாராம். முதலாளி ஒரு விசேஷத்துக்கு வரச் சொன்னாராம், வருகிறேன் என்றாராம், வரவில்லையாம். அவ எங்கடை அக்கா தானோ எண்டு எனக்கே சந்தேகமா இருக்கு என்றார்.

போன மாதம் நானே அவரைக் கண்டேன். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே, கையில் இரண்டு பை. முன்பக்க நரை பின்பக்கமும் பரவிவிட்டிருந்தது. அதே கோட்டு, ஒரு பொத்தான் வேறு நிறம். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். மெலிஞ்சிட்டீர் என்றார். எனக்குக் கல்யாணம் என்று சொன்னேன். லா கூர்னெவில் மண்டபம், பத்திரிகை கைவசம் இருந்தது, கொடுத்தேன். அதை அங்கேயே நின்று முழுவதும் வாசித்தார். மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை, உம்மை நல்லா வைச்சிருப்பாரோ என்று வரிசையாகக் கேட்டார். மேலே ரயில் போனபோது பேச்சை நிறுத்தி, போனதும் தொடர்ந்தார். எனக்குப் பழைய ஆளையே பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அதனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பாணியிலேயே கேட்டேன்.

“நீங்க கண்டிப்பா வரணும்க்கா. ஓமோ, இல்லையோ?”

அக்கா சிரித்தார். பைகளைக் குனிந்து எடுத்தார்.

“ஓம், ஓம்,” என்றார்.

பைகளோடு படியேறிக் கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாரம் கழித்து, சமையல்காரர் தொலைபேசியில் ஆள் எண்ணிக்கை கேட்டபோது, என் பக்கத்து ஆட்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அக்காவை அதில் சேர்க்கவில்லை. அவர் சொன்ன சொல் தவறுகிறவர் இல்லை. வரவில்லை.